இந்திய ஹாக்கி நிருவாகமும் அணியின் தேவைகளும் (1994–2024): ஒரு மதிப்பீடு

2008 மார்ச் 9 அன்று சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் இந்திய ஆடவர் ஹாக்கி அணி பிரிட்டனிடம் 0–2 என்ற கணக்கில் தோற்றது. அதனால் 1928 முதல் தொடர்ந்து ஒலிம்பிக்கில் ஆடிவந்த இந்தியா, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம் பெறவில்லை. எண்பது ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அப்போது இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் பஞ்சாப் காவல்துறையின் முன்னாள் தலைமை இயக்குநர் கே.பி.எஸ். கில். 1994 முதல் சுமார் பதினான்கு ஆண்டுகள் அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

தோல்விக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அன்று நாடு முழுவதும் எழுந்தது. விளையாட்டு நிருவாகி ஒருவரின் பணியை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியுள்ளது. கில் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் ஒப்பிட்டு இக்கட்டுரை அதற்கு விடை தேடுகிறது.

பொது மேலாளர் என்னும் பொறுப்பு

வட அமெரிக்காவின் பனி ஹாக்கி அணிகளில் பொது மேலாளர் என்ற பதவி உண்டு. வீரர்களைத் தேர்வதும், பிற அணிகளோடு மாற்றிக்கொள்வதும், ஊதிய வரம்புக்குள் அணியை அமைப்பதும், பயிற்சியாளரை அமர்த்துவதும் விலக்குவதும் அவருடைய வேலை. அணி தொடர்ந்து தோற்றால் கேள்வி முதலில் அவரை நோக்கியே எழும்.

இந்தியத் தேசிய ஹாக்கி அணிக்கு அப்படி ஒரே பதவி இருந்ததில்லை. அந்த வேலைகள் கூட்டமைப்பின் தலைவர், செயலாளர், தேர்வுக் குழு, தலைமைப் பயிற்சியாளர், இந்திய விளையாட்டு ஆணையம் ஆகியோரிடையே பிரிந்து கிடந்தன. ஆனால் பயிற்சியாளரை வைப்பதும் எடுப்பதும் இறுதியில் கூட்டமைப்புத் தலைமையின் கையில் இருந்தது. தேர்வுக் குழுவை அமைத்ததும் அதுவே. ஆகவே நடைமுறையில் பொது மேலாளரின் பணி தலைவரிடம் வந்து சேர்ந்தது. பல கைகளில் பொறுப்பு இருந்ததால், வெற்றியின்போது அனைவரும் உரிமை கொண்டாடவும் தோல்வியின்போது பயிற்சியாளர் ஒருவர்மீது பழி விழவும் வழி ஏற்பட்டது.

கில் பொறுப்பேற்றபோது இருந்த நிலை

எந்த நிருவாகியையும் மதிப்பிடுமுன் அவர் கைக்கு வந்தது என்ன என்று பார்க்க வேண்டும். இந்தியா 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கப் பதக்கங்களை வென்றது. எட்டாவது தங்கம் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் கிடைத்தது. பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. அதற்குப் பின் வந்த இடங்கள்: 1984-இல் ஐந்து, 1988-இல் ஆறு, 1992-இல் ஏழு.

இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம் ஆடுகளம் மாறியது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதில் பந்து வேகமாகவும் நேராகவும் ஓடும். இயற்கைப் புல்தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்து எதிரியை ஏமாற்றும் இந்தியப் பாணிக்கு அங்கே பயன் குறைந்தது. ஓடும் வலிமை, நீண்ட பந்துப் பரிமாற்றம், பெனால்டி கார்னரில் கோல் அடிக்கும் திறன் ஆகியவை முன்னுக்கு வந்தன. ஐரோப்பிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் அத்தகைய தரைகளை விரைவாக அமைத்துக்கொண்டன. இந்தியச் சிறுவர்களோ மண் தரையிலும் புல்லிலும் ஆட்டத்தைக் கற்று, வளர்ந்த பிறகே செயற்கைத் தரையைக் கண்டார்கள்.

ஆகவே இந்திய ஹாக்கியைக் கில் வீழ்த்தினார் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் கைக்கு வந்ததே ஏழாம் இடத்தில் இருந்த அணி. 1996 அட்லாண்டாவில் அது எட்டாம் இடம் பெற்றது.

1998: வெற்றிக்குப் பின் வந்த நீக்கம்

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவைப் பெனால்டி முறையில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1966-க்குப் பிறகு, 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சியாளர் எம்.கே. கௌசிக். இறுதியாட்டத்தில் கோல்காப்பாளராக நின்று காத்தவர் ஆசிஷ் பல்லால்.

ஆனால் அடுத்த தொடருக்கான அணியில் தன்ராஜும் பல்லாலும் வேறு சிலரும் இல்லை. கௌசிக்கும் பயிற்சியாளர் பொறுப்பில் தொடரவில்லை. வீரர்களுக்கு ஓய்வு தரப்பட்டதாகக் கூட்டமைப்பு கூறியது. வீரர்களின் படித்தொகை, வசதிகள் குறித்துத் தன்ராஜ் வெளிப்படையாகப் பேசியதே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. எந்த விளக்கத்தை ஏற்றாலும் விளைவு ஒன்றே. முப்பதாண்டு காத்திருந்து கிடைத்த வெற்றியை அடைந்த அணி, சேர்ந்து முதிரும் முன்பே கலைக்கப்பட்டது.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு வி. பாஸ்கரன் பயிற்சியாளரானார். தன்ராஜும் அணிக்குத் திரும்பினார். அரையிறுதிக்குச் செல்ல போலந்தை வென்றாக வேண்டும் என்ற நிலையில் இந்தியா 1–0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள்கூட இல்லாதபோது போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. இந்தியா ஏழாம் இடத்தில் முடித்தது.

2001 இளையோர் அணிக்கு நேர்ந்தது

2001-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை இந்தியா முதன்முறையாக வென்றது. இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை 6–1 என்று வீழ்த்தியது. ககன் அஜித் சிங் தலைமையில் ஆடிய அந்த அணியில் தீபக் தாக்குர், ஜுக்ராஜ் சிங், அர்ஜுன் ஹலப்பா முதலானோர் இருந்தனர். பயிற்சியாளர் ராஜிந்தர் சிங். இந்த வெற்றியும் கில் காலத்தில் வந்ததே. அடித்தளம் முற்றிலும் வறண்டிருந்தது என்று சொல்ல இடமில்லை.

2002 கோலாலம்பூர் உலகக் கோப்பையில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் செட்ரிக் டிசோசா விலக்கப்பட்டார். இந்தியா பத்தாம் இடம் பெற்றது. பின்னர் ராஜிந்தர் சிங் மூத்தோர் அணியின் பொறுப்பை ஏற்றார். 2003 செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பையின் இறுதியில் பாகிஸ்தானை 4–2 என்று வென்று இந்தியா அக்கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. அம்மாதத்திலேயே பெனால்டி கார்னர் வல்லுநர் ஜுக்ராஜ் சிங் கார் விபத்தில் படுகாயமடைந்தார். அவர் இடத்தை நிரப்ப அதே தரத்தில் இன்னொருவர் ஆயத்தமாக இல்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ ஒரு மாதமே இருந்தபோது ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு, ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் ராக் அமர்த்தப்பட்டார். வீரர்களின் பெயரும் பழக்கமும் புரிவதற்குள் போட்டி வந்துவிட்டது. இந்தியா மீண்டும் ஏழாம் இடம் பெற்றது. தன்ராஜ் பிள்ளைக்கு அது நான்காவது ஒலிம்பிக். அதோடு அவருடைய ஒலிம்பிக் வாழ்க்கை முடிந்தது.

2006 முதல் 2008 வரை

2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் இந்தியா பதினொன்றாம் இடம் பெற்றது. அதே ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியா பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல் முறை.

2007 செப்டம்பரில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசியக் கோப்பை நடந்தது. ஜோக்கிம் கார்வாலோ பயிற்றுவித்த இந்திய அணி இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 7–2 என்று வென்றது. அரங்கு நிரம்பிய அந்த வெற்றி, அணி மீண்டுவிட்டது என்ற நம்பிக்கையைத் தந்தது. ஆறு மாதத்திற்குள் சாந்தியாகோ தோல்வி வந்தது.

அதையடுத்து கார்வாலோ விலகினார். கில் விலக மறுத்தார். ஏப்ரலில், வீரர் தேர்வுக்காகக் கூட்டமைப்பின் செயலாளர் பணம் பெற்றதாக ஒரு தொலைக்காட்சி காட்சிகளை வெளியிட்டது. அவர் பதவி விலகினார். 2008 ஏப்ரல் 28 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. இடைக்காலக் குழு ஒன்று பொறுப்பேற்றது. 2009-இல் 'ஹாக்கி இந்தியா' என்ற புதிய அமைப்பு உருவாயிற்று.

அணிக்கு உண்மையில் தேவைப்பட்டவை

மேற்கண்ட நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அணிக்குக் குறைவாக இருந்தவை நான்கு எனலாம்.

முதலாவது, தொடர்ச்சி. 1998 முதல் 2008 வரை கௌசிக், பாஸ்கரன், டிசோசா, ராஜிந்தர் சிங், ராக், மீண்டும் பாஸ்கரன், கார்வாலோ எனப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். ஒலிம்பிக் சுழற்சி நான்கு ஆண்டுகள். அதில் முழுச் சுழற்சியும் ஒரே அணியோடு இருக்கும் வாய்ப்பு ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, உடல்திறன். ஹாக்கியில் மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். அதனால் வேகம் கடைசி நிமிடம் வரை குறையாது. இந்தியா முன்னிலை பெற்றும் இறுதி நிமிடங்களில் கோல் வாங்கிய ஆட்டங்கள் பல. சிட்னியில் போலந்துடன் ஆடியது அவற்றுள் ஒன்று.

மூன்றாவது, பெனால்டி கார்னர். அதில் கோல் அடிப்பவரும் தடுப்பவரும் தனித்தனியே பழக்கப்பட வேண்டும். ஒரே ஒரு வல்லுநரை நம்பியிருந்த அணி, அவரை இழந்ததும் தடுமாறியது.

நான்காவது, பணமும் பாதுகாப்பும். ரசிகர்களும் விளம்பரதாரர்களும் கிரிக்கெட்டின் பக்கம் சென்றுவிட்டனர். கூட்டமைப்பு 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக்கைத் தொடங்கியது. 'சென்னை வீரன்ஸ்' அணியும் அதில் ஆடியது. நல்ல முயற்சிதான், ஆனால் 2008-க்குப் பிறகு அது நடக்கவில்லை. வீரர்களின் மனக்குறை 2010 ஜனவரியில் வெடித்தது. உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது, நிலுவைத் தொகை கேட்டுத் தேசிய அணி வீரர்கள் புனே முகாமில் பயிற்சியைப் புறக்கணித்தனர்.

புதிய நிருவாகமும் உடனே வெல்லவில்லை

கில் போனதும் நிலைமை மாறிவிடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆறு ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாவது, அதாவது கடைசி, இடம் பெற்றது. பயிற்சியாளர் மாற்றமும் நிற்கவில்லை. ஹோசே பிராசா, மைக்கேல் நாப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைன், ஹரேந்திர சிங் எனப் பத்து ஆண்டுகளில் ஏழு பேர் வந்து போனார்கள். 2014-இல் டெர்ரி வால்ஷின் பயிற்சியில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. சில வாரங்களில் அவரும் விலகினார். 1998-இல் கண்ட காட்சி மீண்டும் வந்தது.

ஆயினும் சில ஏற்பாடுகள் மாறின. 2013-இல் உயர்திறன் இயக்குநர் என்ற பொறுப்பு ஏற்படுத்தப்பட்டு அதில் ஓல்ட்மன்ஸ் அமர்ந்தார். அவருக்குப் பின் டேவிட் ஜான் அப்பணியைச் செய்தார். பயிற்சியாளர் மாறினாலும் உடற்பயிற்சி, இளையோர் வளர்ப்பு, ஆண்டுத் திட்டம் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இருக்கை உண்டானது. பொது மேலாளரின் பணியில் ஒரு பகுதி முதன்முறையாக ஒரு பெயருள்ள பொறுப்பாயிற்று. பெங்களூரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையம் அணியின் நிலையான முகாமாக அமைந்தது.

2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் இந்திய இளைஞர்கள் உலகின் சிறந்த வீரர்களோடு ஒரே அணியில் ஆடினர். 2018-இல் ஒடிசா மாநில அரசு ஐந்து ஆண்டுகளுக்குத் தேசிய அணிகளின் புரவலராகப் பொறுப்பேற்றது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. 2020 முதல் இந்தியா புரோ லீக்கில் ஆடத் தொடங்கியதால் முன்னணி அணிகளை ஆண்டுதோறும் சந்திக்க முடிந்தது.

இரண்டு இளையோர் அணிகள்

மதிப்பீட்டுக்கு மிகவும் உதவும் ஒப்பீடு இது. 2016 டிசம்பரில் லக்னோவில் ஹரேந்திர சிங்கின் பயிற்சியில் இந்தியா இரண்டாம் முறையாக இளையோர் உலகக் கோப்பையை வென்றது. இறுதியில் பெல்ஜியத்தை 2–1 என்று வீழ்த்தியது. குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜித் சிங்கும் கோல் அடித்தனர். ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார் ஆகியோரும் அந்த அணியில் இருந்தனர்.

2001 அணியும் 2016 அணியும் தொடக்கத்தில் ஒன்றுதான். இரண்டும் தம் வயதில் உலகின் முதல் அணி. முதல் அணியின் வீரர்கள் 2008-இல் சுமார் 28 வயதுக்குள், விளையாட்டு வாழ்வின் உச்சத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள். அந்த ஆண்டு இந்தியா ஒலிம்பிக்குக்கே போகவில்லை. இரண்டாம் அணியிலிருந்து வந்தவர்கள் 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டு வந்தார்கள். அன்று இந்தியா 1–3 எனப் பின்தங்கியிருந்து மீண்டது. சிம்ரன்ஜித் இரண்டு கோல் அடித்தார்.

டோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. குழுநிலை ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 1–7 என்று தோற்றது. பழைய வழக்கப்படி அத்தோல்வி பயிற்சியாளரின் பதவியைப் பறித்திருக்கக்கூடும். 2019 ஏப்ரலில் பொறுப்பேற்ற கிரகாம் ரீடுக்கு ஒலிம்பிக் வரை அவகாசம் கிடைத்தது. கொரோனா காலத்தில் வீரர்கள் பெங்களூரு முகாமில் நீண்ட நாள் சேர்ந்தே இருந்தனர். ஓர் ஆட்டத்தின் தோல்வியைத் தாங்கும் அளவுக்கு அணிக்கு வலு இருந்தது.

பட்டு நெசவில் பாவு ஆயத்தம் செய்வதற்கே பல நாள் பிடிக்கும். சேலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த உழைப்பு தெரியாது. இளையோர் அணியும் அப்படியே. அதன் பலன் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. ஆகவே இன்றைய பதக்கம் நேற்றைய நிருவாகியின் கணக்கிலும் ஓரளவு சேரும். டோக்கியோவில் கடைசி நொடியில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்த கேரளத்தின் பி.ஆர். ஸ்ரீஜேஷ், 2006-இல் கில் காலத்தில்தான் மூத்தோர் அணிக்கு முதலில் ஆடினார் என்பதையும் மறக்கலாகாது.

பதக்கம் மட்டும் சான்றாகுமா?

2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா காலிறுதிக்குச் செல்லவில்லை, ரீடு விலகினார். பின்னர் வந்த கிரெய்க் ஃபுல்டன் காலத்தில் சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையும், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கமும் கிடைத்தன. 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் ஸ்பெயினை 2–1 என்று வென்று இந்தியா மீண்டும் ஒலிம்பிக் வெண்கலம் பெற்றது.

ஆனால் பதக்கம் வந்ததால் நிருவாகம் குறையற்றது ஆகிவிடாது. 2022 மே மாதத்தில், ஹாக்கி இந்தியாவின் விதிகளில் இருந்த வாழ்நாள் பதவிகள் தேசிய விளையாட்டு நெறிகளுக்கு முரணானவை என்று கூறி, டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பொறுப்பை நிருவாகக் குழு ஒன்றிடம் ஒப்படைத்தது. அதன்பின் நடந்த தேர்தலில் முன்னாள் அணித்தலைவர் திலீப் திர்க்கி தலைவரானார். களத்தில் வெல்லும் அமைப்பும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதே.

தமிழ்நாட்டுக்கும் இக்கணக்கில் பங்கு உண்டு. கோவில்பட்டி நெடுங்காலமாக ஹாக்கிக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினர். 2025-இல் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அந்த அரங்குகளில் ஆடிய இளைஞர்கள் 2032-இல் எங்கே நிற்கிறார்கள் என்பதே இன்றைய நிருவாகத்துக்கு நாளை எழுதப்படும் மதிப்பெண்.

முடிவாக

கில் தலைமையின் பதினான்கு ஆண்டுகளை வெறும் தோல்விக் காலம் என்று எழுதுவது பிழை. ஆசியத் தங்கம், இளையோர் உலகக் கோப்பை, இரண்டு ஆசியக் கோப்பைகள் ஆகியவை அக்காலத்தின் பேறுகள். சரிவு அவருக்கு முன்பே தொடங்கியது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒவ்வொரு வெற்றியும் வளரக்கூடிய ஓர் அணியைக் கூட்டமைப்பின் கையில் தந்தது. 1998 அணி வெற்றிக்குப் பிறகே கலைக்கப்பட்டது. 2001 அணியை வளர்த்த பயிற்சியாளர் ஒலிம்பிக் வாசலில் நீக்கப்பட்டார். அக்காலத் தலைமை பதில் சொல்ல வேண்டியது முதன்மையாக இதற்கே. சாந்தியாகோவின் ஓர் ஆட்டம் அதன் கடைசி விளைவு மட்டுமே.

எனவே ஒரு விளையாட்டு நிருவாகியை மதிப்பிட மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். அவர் பொறுப்பேற்றபோது அணி எந்த நிலையில் இருந்தது? வெற்றி கிடைத்தபோது அதைப் பெற்றுத் தந்தவர்களை அவர் என்ன செய்தார்? பயிற்சியாளர் மாறினாலும் நிற்கக்கூடிய ஏற்பாடு எதையாவது உருவாக்கினாரா? அவர் காலத்து இளையோர் பத்தாண்டு கழித்து எங்கே இருந்தார்கள்? இந்த நான்குக்கும் விடை எழுதிய பின்பே பதக்கங்களை எண்ணத் தொடங்க வேண்டும்.